நேற்றும் நாளையும்: கடிகார மாற்றமும் கணிப்பொறியும்

நேற்று என்றால் என்ன என்று கேட்டால் பள்ளிக்கூடத்துச் சிறுவனும் நகைப்பான். இன்றைக்கு முந்திய நாள் நேற்று. பிந்திய நாள் நாளை. இதில் ஐயத்துக்கு இடம் எங்கே? ஆனால் இதே கேள்வியைக் கணிப்பொறிகளிடம் விடுத்தால் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விடை கூறுகிறது. ஒன்று, சென்ற நாளின் நள்ளிரவு என்கிறது. மற்றொன்று, சென்ற நாளில் இதே மணி என்கிறது. வேறொன்று, இந்தக் கணத்திலிருந்து 24 மணி நேரம் பின்னே சென்று நிற்கிறது. பெரும்பாலான நாள்களில் இவ்வேறுபாட்டால் தீங்கு ஒன்றும் விளைவதில்லை. கடிகார முள்ளை அரசாங்கமே தள்ளிவைக்கும் நாள்களில்தான் இவை ஒன்றோடொன்று பிணங்கத் தொடங்குகின்றன. அந்தப் பிணக்கின் வரலாறு நம் நாட்டையும் தொட்டுச் செல்கிறது.

மனிதன் 'நேற்று' என்னும்போது நாள்காட்டியின் ஓர் ஏட்டைச் சுட்டுகிறான். இத்தனை வினாடிகள் என்று எண்ணிச் சொல்வதில்லை. அந்த ஏடு எங்கே தொடங்குகிறது என்பதிலும் மனித குலம் ஒருமனப்பட்டதில்லை. நம் பஞ்சாங்கத்துக்கு நாள் என்பது சூரிய உதயம் முதல் மறு உதயம் வரை. அதற்கு 60 நாழிகை. இஸ்லாமியருக்கும் யூதருக்கும் மாலையில் கதிரவன் மறையும்போதே அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. வானியலார் 1925-ஆம் ஆண்டு தொடங்கும் வரையில் தங்கள் நாளை நடுப்பகலிலிருந்தே எண்ணி வந்தனர். இரவு முழுவதும் விண்மீன்களை நோக்குகிறவனுக்கு நள்ளிரவில் தேதி மாறுவது இடைஞ்சல் அல்லவா? இந்தியில் 'கல்' என்ற ஒரே சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லின் காலத்தைக் கொண்டு கேட்பவர் பொருள் அறிந்துகொள்கிறார். மக்கள் இவ்வளவு நெகிழ்ச்சியோடு பேசியும் வாழ்க்கை இடறாமல் நடந்ததற்குக் காரணம், ஒருவர் மற்றவரின் கருத்தைச் சூழ்நிலையால் உணர்ந்துகொள்வதே. இயந்திரத்துக்கு அந்தச் சூழ்நிலை இல்லை. அதற்கு ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

இயந்திரத்தின் கதைக்கு முன் கடிகாரத்தின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். சென்னையில் 1792-இல் நிறுவப்பெற்ற வானாய்வுக்கூடம் பின்னாளில் இந்த நாட்டுக்கே மணி சொல்லும் இடமாயிற்று. கிரீன்விச்சைவிடச் சென்னை நேரம் ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடமும், கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடமும் முந்தியவை. பம்பாயில் பொழுது புலர்வதற்கும் கல்கத்தாவில் புலர்வதற்கும் ஒரு மணிக்கு மேல் இடைவெளி. இரயில்பாதைகளும் தந்தியும் வந்த பிறகு ஊருக்கு ஒரு மணி என்பது பொறுக்க முடியாததாயிற்று. இரண்டு பெருநகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவே நின்ற சென்னை நேரத்தையே இரயில்வேக்கள் ஏற்றன. அதனால் ஒரு நகரத்தில் ஊர் மணி ஒன்றும் நிலைய மணி ஒன்றுமாக இரு கடிகாரங்கள் வழங்கின. 1906 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சைவிட 5 மணி 30 நிமிடம் முந்திய இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. கல்கத்தாவும் பம்பாயும் அதை உடனே உவந்து ஏற்கவில்லை. கல்கத்தா நேரம் 1948 வரையிலும், பம்பாய் நேரம் 1955 வரையிலும் தத்தம் நகரங்களில் வழங்கி வந்தன. ஆட்சி மாறிய பின்னும் மணி மாறாத அந்தப் பிடிவாதம் வியப்புக்குரியதே.

பொது நேரம் ஏற்பட்ட மறு ஆண்டிலேயே, 1907-இல், இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்னும் கட்டடத் தொழிலதிபர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். கோடைக் காலையில் கதிரவன் எழுந்து நெடுநேரம் ஆன பின்பும் மக்கள் உறங்கிக் கிடக்கிறார்கள்; இவ்வளவு வெளிச்சம் வீணாகிறதே என்பது அவருடைய மனக்குறை. ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் 20 நிமிடம் வீதம் கடிகாரங்களை முன்தள்ள வேண்டும் என்றார். இவருக்கு முன்பே 1895-இல் நியூஜிலாந்தில் ஜார்ஜ் ஹட்சன் என்பவர் இத்தகைய கருத்தைக் கூறியிருந்தார். வில்லெட் 1915-இல் காலமானார். தம் கனவு பலித்ததை அவர் காணவில்லை. மறு ஆண்டில் ஜெர்மனி, யுத்தகால எரிபொருள் சிக்கனம் கருதி, 1916 ஏப்ரல் 30 அன்று கடிகாரங்களை ஒரு மணி முன்தள்ளியது. பகை நாடான பிரிட்டனும் மூன்று வாரங்களில் அதையே செய்தது. அமெரிக்கா 1918-இல் பின்தொடர்ந்தது. பின்னர் இவ்வழக்கம் பல நாடுகளில் வருவதும் போவதுமாக இருந்து, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஊன்றிவிட்டது. அங்கே வசந்தத்தில் ஒரு நாளுக்கு 23 மணி. இலையுதிர் காலத்தில் ஒரு நாளுக்கு 25 மணி.

இந்தியாவிலும் இது நிகழ்ந்தது என்பதை இன்று பலர் அறியார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை நாடெங்கும் கடிகாரங்கள் ஒரு மணி முன்தள்ளி ஓடின. யுத்தம் ஓய்ந்ததும் முள் பழைய இடத்துக்குத் திரும்பியது. அத்தோடு அக்கதை முடிந்துவிட்டதாகவே யாரும் எண்ணுவர். முடியவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கணிப்பொறியின் உள்ளே தேதியும் இல்லை, கிழமையும் இல்லை. யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் மரபுப்படி, 1970 ஜனவரி 1 உலகப் பொது நேர நள்ளிரவிலிருந்து கழிந்த வினாடிகளின் எண்ணிக்கை ஒன்றே உள்ளது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி என்பது அதன் கணக்கு. இந்த எண்ணை மனிதர் படிக்கும் தேதியாக மாற்றுவது வேறு நிரல்களின் வேலை. மனிதர் தட்டச்சிடும் சொல்லிலிருந்து எண்ணை உண்டாக்குவது அதனினும் கடினமான வேலை. நேற்று, நாளை, அடுத்த வியாழன், இரண்டு வாரத்துக்கு முன் என்பன போன்ற ஆங்கிலச் சொற்றொடர்களைப் புரிந்துகொள்ளும் நிரல் ஒன்றை, வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஸ்டீவன் பெல்லோவின் எழுதினார். பலர் கைபட்டு, 1990-இல் பெரிதும் திருத்தி எழுதப்பெற்று, அது க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுதியில் இடம்பெற்றது. இன்று உலகின் எண்ணற்ற கணிப்பொறிகளில் அதன் வழிவந்த நிரலே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நிரலுக்கு 'இன்று' என்பது வெறும் சுழியம். 'நாளை' என்பது ஒரு நாள் கூட்டல். 'நேற்று' என்பது ஒரு நாள் கழித்தல். மாலை 4 மணிக்கு 'நேற்று' என்று கேட்டால் நேற்று மாலை 4 மணியைத் தரும். இணையத்தளங்கள் பலவற்றை இயக்கும் பி.எச்.பி. மொழியிலோ 'நேற்று' என்றால் நேற்றைய நாள் தொடங்கிய நள்ளிரவு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்திலும் அவ்வாறே. நிரலாளர் தங்கள் படைப்புகளைப் பாதுகாக்கப் பயன்படுத்தும் கிட் என்ற மென்பொருளோ, இந்தக் கணத்திலிருந்து 24 மணி நேரத்துக்குரிய வினாடிகளைக் கழித்துவிடுகிறது. இந்தக் கிட் 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதனிடம் 'தேநீர்' என்று சொன்னால் மாலை 5 மணி என்று பொருள் கொள்ளும். எழுதியவர்களுக்கும் சிறிது விளையாட்டு வேண்டும் போலும்!

இனிப் பிணக்கு எங்கே எழுகிறது என்று பார்ப்போம். 2024 மார்ச் 10 ஞாயிறன்று நியூயார்க் நகரில் அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3 மணிக்குத் தாவியது. அன்றைய நாளுக்கு 23 மணி நேரமே. மறுநாள் 11-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து 12.30-க்கு ஒருவர் 'நேற்று' என்று கேட்கிறார் என்று கொள்வோம். நிரல் 24 மணி நேரத்தைக் கழித்தால் எங்கே போய் நிற்கும்? 9-ஆம் தேதி இரவு 11.30-இல் நிற்கும். நேற்று கேட்டவருக்கு முந்தாநாள் கிடைத்தது. 10-ஆம் தேதி இடையே மறைந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று நேர்மாறாக நிகழ்ந்தது. அந்நாளுக்கு 25 மணி. அன்றிரவு 11.30-க்கு 24 மணி நேரத்தைக் கழித்தால், அதே நவம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவு 12.30 வருகிறது. நேற்று என்று கேட்டவருக்கு இன்றே விடையாயிற்று.

இது வெறும் வேடிக்கை அன்று. இரவுதோறும் சென்ற நாளின் கணக்கைத் திரட்டும் நிரல்கள் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் மின்வாரியங்களிலும் உண்டு. நேற்று என்ற சொல்லை நம்பி அவை எழுதப்பட்டிருந்தால், ஆண்டில் ஒரு நாளின் கணக்கு இருமுறை ஏறும். ஒரு நாளின் கணக்கு ஏறாமலே போகும். நவம்பரில் 1.30 மணி இருமுறை வருகிறது. நோயாளி ஒருவருக்கு 1.30-க்கு மருந்து கொடுத்ததாகச் செவிலியர் குறித்தால், எந்த 1.30 என்று குறிப்பு சொல்லாது. அவ்விரவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்து, மூத்தது 1.50-க்கும் இளையது அரை மணி கழித்தும் பிறந்தால், ஏட்டின்படி இளையது 1.20-க்குப் பிறந்து மூத்ததாகிவிடும். இயந்திரம் மட்டுமல்ல, மனிதக் கணக்கும் இங்கே தடுமாறுகிறது. 2010 அக்டோபர் இறுதியில் ஐரோப்பாவில் கடிகாரம் பின்வாங்கியபோது ஐபோன் கைப்பேசிகளில் நாள்தோறும் ஒலிக்குமாறு வைத்திருந்த எழுப்பு மணி ஒரு மணி நேரம் தாழ்ந்து ஒலிக்க, பலர் வேலைக்குப் பிந்திச் சென்றனர்.

இதற்கு நிரலாளர் கண்ட மாற்று என்ன? முதலாவது, 'ஒரு நாள்' வேறு, '24 மணி நேரம்' வேறு என்று வகுத்துக்கொண்டனர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மாதம், நாள், வினாடி மூன்றையும் தனித்தனியே வைத்துக் கணக்கிடுகிறது. 2014-இல் வெளிவந்த ஜாவா மொழியின் 8-ஆம் பதிப்பு, மணியே இல்லாத வெறும் தேதிக்கென்று ஒரு தனி வகையை அமைத்துத் தந்தது. இரண்டாவது மாற்று இன்னும் எளிது. நள்ளிரவை விட்டு நடுப்பகலைப் பிடித்துக்கொள்வது. நடுப்பகலிலிருந்து 24 மணி நேரத்தைக் கழித்தால், ஒரு மணி முன்பின் ஆயினும், முந்திய நாளின் 11 மணியிலோ 1 மணியிலோதான் விழும்; தேதி தவறாது. வானியலார் நெடுங்காலம் நடுப்பகலை நாளின் எல்லையாகக் கொண்டிருக்க, நிரலாளர் அதை நாளின் நடுவாகக் கொண்டு தப்பினர். மூன்றாவது, கணக்குகளை எல்லாம் உலகப் பொது நேரத்திலேயே நடத்துமாறு க்னூ நிரலின் கையேடே அறிவுறுத்துகிறது. எனினும் உலகப் பொது நேரத்து நேற்றும் மதுரைக்காரரின் நேற்றும் ஒன்றல்லவே, காலை 5.30 வரையில் நமக்கு அது ஒரு தேதி பின்தங்கியே இருக்கும்.

நள்ளிரவே இல்லாத நாள்களும் உண்டு. பிரேசிலில் கோடை நேரம் ஞாயிறு தொடங்கும் நள்ளிரவிலேயே தொடங்கி வந்தது. 2018 நவம்பர் 4 அன்று 12 மணி ஆகவே இல்லை. சனிக்கிழமை இரவுக்குப் பின் நேரே 1 மணி. தேதியை நள்ளிரவாகக் கருதி வைத்திருந்த நிரல்கள் அங்கே தடுக்கி விழுந்தன. அடுத்த ஆண்டில் அந்நாடு கோடை நேரத்தையே கைவிட்டது. 2011 டிசம்பரில் பசிபிக் கடலிலுள்ள சமோவா, ஆஸ்திரேலியாவோடும் நியூஜிலாந்தோடும் வாணிகம் செய்வதற்கு ஏற்பத் தேதிக்கோட்டின் மறுபக்கம் சேர விரும்பி, 30-ஆம் தேதியையே நீக்கிவிட்டது. வியாழன் இரவு உறங்கியவர் சனிக்கிழமை கண்விழித்தார். அந்த 31-ஆம் தேதியில் நின்று 'நேற்று' என்று கேட்பவருக்கு 29 என்று சொல்வதா, அந்நாட்டில் நிகழாத 30 என்று சொல்வதா? 24 மணி நேரக் கணக்கு இவ்விடத்தில் சரியான விடை தருகிறது. நாள்காட்டிக் கணக்கு இல்லாத நாளைச் சுட்டுகிறது. ஒரு முறையே எங்கும் பொருந்தும் என்று சாதிப்பவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனை மாற்றங்களையும் இயந்திரம் எங்ஙனம் அறிகிறது? 1980-களில் அமெரிக்காவின் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் நாடுகளின் கடிகார மாற்றங்களைத் திரட்டி ஒரு தொகுப்பு தொடங்கினார். பின்னர் பால் எகர்ட் அதன் பொறுப்பை ஏற்றார். கைப்பேசி முதல் பெருங்கணிப்பொறி வரை உலகு முழுவதும் பயன்படும் இந்தத் தொகுப்பு, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பால் நிற்பது. பழைய அரசிதழ்களையும் செய்தித்தாள்களையும் துருவித் தேடிய வரலாற்றுப் பணி அது. நம் நாட்டுக்கு அதில் ஒரே பதிவு. கல்கத்தாவின் பெயரால் அமைந்தது. 1970-க்குப் பின் ஒரே மணி வழங்கிய நிலப்பகுதிக்கு ஒரே பதிவு போதும் என்பது அத்தொகுப்பின் கொள்கை. ஆதலால் பம்பாய் நேரம் அதில் இல்லை. 1950-இல் பம்பாய்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த பிறப்பு நேரத்தை அந்தத் தொகுப்பு வேறு மணியாகவே படிக்கும்.

நாம் முன்னே விட்டுவந்த யுத்தகால மணி இங்கேதான் மீண்டும் தலைகாட்டுகிறது. அந்தப் பதிவின்படி 1942 செப்டம்பர் 1 அன்று நள்ளிரவு 12 மணி இந்தியாவில் இல்லை. நேரே 1 மணி. பிறந்த தேதியை 'அந்நாளின் நள்ளிரவு' என்று சேமிக்கும் நிரலில், அன்று பிறந்த முதியவரின் தேதியை ஏற்காமல் பிழை காட்டி மறுக்கும் நிரல்கூறுகள் உண்டு. இதினும் நுட்பமான தவறு ஒன்று உள்ளது. 1944 ஜூன் 10 அன்று பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு நிரல் தொகுப்பைப் பார்த்து, அக்காலத்து நள்ளிரவு உலகப் பொது நேரத்தில் முந்திய நாள் மாலை 5.30 என்று சரியாகவே எழுதிவைக்கிறது. மற்றொரு நிரல் அதைப் படிக்கும்போது, இந்தியா என்றால் என்றும் 5 மணி 30 நிமிடம்தானே என்று கூட்டுகிறது. விடை: ஜூன் 9, இரவு 11 மணி. தேதி மட்டும் அச்சாகும்போது முதியவரின் பிறந்தநாள் ஒரு நாள் பின்வாங்கிவிடுகிறது. ஓர் ஏட்டில் 10, ஓர் ஏட்டில் 9. ஓய்வூதியத்துக்கோ அடையாளச் சான்றுக்கோ நீட்டிய இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால், எண்பது வயதைத் தாண்டியவர் யாரிடம் போய் விளக்குவார்? அந்த மூன்று ஆண்டுகளில் பிறந்த ஒவ்வோர் இந்தியருக்கும் இது நேரக்கூடியது. பிறந்த தேதி என்பது ஒரு கணமன்று, ஏட்டின் ஒரு பெயர் என்று நிரலாளர் கருதியிருந்தால் இத்தொல்லையே இல்லை.

கடந்த காலம் இப்படி என்றால் வருங்காலம் அரசாங்கங்களின் கையில் இருக்கிறது. 2023 மார்ச் மாதம் லெபனான் அரசாங்கம், கோடை நேரம் தொடங்குவதை ரமலான் முடியும் வரை ஒத்திவைப்பதாகச் சில நாள் முன்னர்தான் அறிவித்தது. மரோனைட் திருச்சபை முதலான அமைப்புகள் அதை ஏற்க மறுத்தன. அந்தச் சிறு நாட்டில் சில நாள்கள் இரண்டு மணிகள் வழங்கின. கைப்பேசிகளுள் சில பழைய மணியைக் காட்டின. சில புதிய மணியைக் காட்டின. முடிவில் அரசாங்கம் தன் ஆணையைத் திரும்பப் பெற்று, அவ்வாரத்திலேயே கடிகாரத்தை மாற்றியது. 'நாளை காலை 9 மணிக்கு' என்று சந்திப்பு குறித்தவருக்கு, அந்த 9 மணி எப்போது வரும் என்பதை முதல் நாள் எந்த இயந்திரமும் உறுதியாகச் சொல்லியிருக்க இயலாது.

நமக்கு அண்மையிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கை அரசாங்கம் மின்சாரச் சிக்கனம் கருதி 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்வாங்கிற்று. 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் பழைய 5 மணி 30 நிமிடத்துக்கே திரும்பியது. அன்று நள்ளிரவு 12.30 ஆனதும் மறுபடியும் 12 மணி. அந்தப் பத்து ஆண்டுகளிலும், விடுதலைப் புலிகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த வடபகுதிகளில் பழைய மணியே வழங்கிவந்தது. சாவடியின் ஒரு பக்கத்தில் நள்ளிரவு கடந்து தேதி மாறிவிட்டிருக்க, மறு பக்கத்தில் அரை மணி நேரம் முந்திய தேதியே நீடித்தது. தொகுப்பில் இலங்கைக்குக் கொழும்பு என்னும் பதிவு ஒன்றே இருக்கிறது. அந்த அரை மணிக்குள் வன்னியில் பிறந்த குழந்தைக்கும் இறந்த முதியவருக்கும் இன்று தேதி கேட்டால், இயந்திரம் கொழும்பின் கடிகாரத்தைப் பார்த்தே விடை கூறும்.